மூன்று விடியல்கள்

கண்காட்சிக் கூடத்தில், முதல் பரிசு வாங்கிய தன் படத்தின் முன்னால் நின்ற புகைப்படக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியற்காலைக் கடற்கரையில் இறக்கையை விரித்து, மணலில் புரண்டு ஆடும் சின்னப் பறவை.

"எத்தனை நாள் சார் இப்படி ஆடுச்சு?" என்று கேட்டார் படம் பார்க்க வந்திருந்த அந்தக் கடற்கரையின் காவலாளி.

"மூணு நாள். காலையில நாயோட நான் போனதுமே ஆட ஆரம்பிச்சிடும். என்மேல அவ்வளவு பிரியம்! நாலாம் நாள் ஆளையே காணோம்."

"அது ஆட்டமில்ல சார். இறக்கை ஒடிஞ்ச மாதிரி நடிப்பு. கூட்டை விட்டுட்டு நாய் தன்னைத் துரத்தட்டும்னு."

"என் நாயா? பரம சாது! பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நான் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் பின்னால மணலை மோந்துகிட்டுத் தன் பாட்டுக்கு இருந்துச்சு."

காவலாளி படத்திலிருந்த மணலைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தப் பறவை மணல்லதான் சார் முட்டை போடும். மூணு முட்டை."

புகைப்படக்காரரின் பார்வை தானாக அடுத்த படத்துக்குப் போனது. அவருடைய நாய்தான். மூக்கு நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்க, நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. வசந்தகாலப் பூக்களை முகர்ந்துவிட்டு வந்திருக்கிறது என்று நினைத்து, ஆசை ஆசையாக அவர் அதற்கு வைத்திருந்த தலைப்பு: 'மகரந்தம்'.