குளியல் தொட்டியில் வாத்துகள்

வாத்துகள் பாவம் என்று சொல்லிவிட்டால் என்ன?

அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். இரக்கமுள்ள மனுசி என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

கிளறிற்றா தேநீர்க் கோப்பைகளைத் துடைத்தபடி அந்தக் காரணத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொய்யாகவே ஒலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியை உரித்து வெட்டுகிறவள் அவள்தான்.

மேலே, குளியல் தொட்டியில் பிளாஸ்டிக் வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. வானத்தில் போகிற வாத்துகளை ஏமாற்றிக் கீழே இறக்குவதற்கான பொய் வாத்துகள். அவற்றில் ஒன்று மட்டும் ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அவள் கணவன் நிஷாந்தன் முழங்காலில் நின்று அதன் அடியில் ஒரு பாரக்கட்டியைக் கட்டி அவிழ்த்து, மறுபடியும் கட்டினான்.

காலையில் மகள் ஷெறோன் குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப்போய், "அப்பா, இந்த வீட்டில முகம் கழுவவும் இனி லைசென்ஸ் எடுக்கவேணுமோ?" என்று கத்திவிட்டு வேலைக்கு ஓடியிருந்தாள்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு படியிறங்கிச் சமையலறை வரை வந்தது.

அவனோடு பஸ் ஓட்டுகிற கீத் பனிக்காலம் தோறும் எசெக்ஸ் கரையோரச் சதுப்புக்கு வாத்துச் சுடப் போகிறவன். இந்த மார்கழியில் நிஷாந்தனையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். தன் பழைய துப்பாக்கியையும் தருவான். அதை வீட்டில் வைத்திருக்க நிஷாந்தனுக்கு அனுமதி வேண்டும். அதற்காகத்தான் இன்றைக்குப் பொலிஸிலிருந்து அதிகாரி வருகிறார். வீட்டைப் பார்ப்பார். மனைவியோடும் பேசுவார்.

நிஷாந்தன் மாதக்கணக்காய்த் தயாராகிறான். நெஞ்சுவரை வருகிற றப்பர் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நடந்து பழகினான். வாத்தைப் போலக் கத்திப் பழகினான். மாடிப்படியின் கீழிருந்த அரிசி மூட்டையைச் சமையலறைக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் துப்பாக்கியைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டியொன்றைச் சுவரோடு சேர்த்து முடுக்கினான்.

"நத்தாருக்கு வாத்துப் பிரட்டல். பாதரையும் கூப்பிடுவம். குண்டு பல்லில கடிபட்டா ஏசப்பிடாதெண்டு முதலே சொல்லிப்போடவேணும்."

அவன் இப்படிக் கதைத்து எவ்வளவு காலம்!

அவள் துடைத்த கோப்பையையே மறுபடியும் எடுத்துத் துடைத்தாள்.

அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி வயதானவர். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. நிஷாந்தன் பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல அவளைப் பார்த்தான்.

பிறகு மூவரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

"டொக்டரின் கடிதத்தில் ஒரு குறையும் இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "மனச்சோர்வு, நித்திரையின்மை, எதற்கும் இவர் டொக்டரிடம் வந்ததேயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கும் சம்மதம்தானே? உங்கள் கணவரைப் பற்றி நான் அறியவேண்டியது ஏதும் இருக்கிறதா?"

வந்ததேயில்லை. உண்மைதான்.

போன பனிக்காலத்தில் அவன் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. ஒரு பின்னேரம் திருமண மோதிரத்தையும் போனையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். பக்கத்து ட்ராம் தரிப்பிடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அவனைக் கையில் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். கிளறிற்றாவின் தோளை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவன்தான் கேட்டான். குழந்தையைப் போலக் கேட்டான், டொக்டரிடம் போவோமா என்று.

வேண்டாம் என்றவள் கிளறிற்றா.

அது கொம்பியூட்டரில் ஏறிவிடும். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும். ஷெறோனுக்கு ரொறன்ரோவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். தகப்பனுக்குத் தலை சரியில்லையாம் என்று ஒரு சொல் போதும்.

பங்குக் கோயிலில் எல்லாரிடமும் அல்சர் என்றாள். தெரிந்தவர்கள் வராத தூரத்துக் கோயிலொன்றில் தியானத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேயும் அவனுடைய வயிற்றுக்காகவே செபிக்கச் சொன்னாள். வயிற்றில் கைவைத்து யாரோ செபித்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

சம்பந்தம் எப்படியோ சரிவரவில்லை. அவன் மெல்ல எழும்பினான். வேலைக்குப் போனான். கீத்தின் வாத்துக் கதைகளோடு வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

குணமாகிவிட்டானா? அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்களிடம் அவனைப் போகவிடாமல் வாசலில் நின்று மறித்தவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கடிதம் அவள் வெள்ளையடித்த சுவர்.

அதிகாரி காத்திருந்தார். அவருக்கு அவசரமில்லை.

நிஷாந்தன் முகத்தில் சிரிப்பு மாறாமல் பார்த்துக்கொண்டான். வந்தவருக்கு விளங்காத தமிழில், பிஸ்கட் எடுக்கச் சொல்கிற தொனியில் சொன்னான்.

"சுகமா இருக்கிறார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுமன், கிளறிற்றா. நீர்தானே எல்லாரிட்டையும் வெறும் அல்சர் எண்டு சொன்னனீர்."

அதில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. கோபித்திருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"ஏலாதப்பா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இந்த முறை ஏலாது."