சரி என்று தொட்டாள்

பூங்கோதையிடம் ஒரு போனும் கம்ப்யூட்டரும் பழைய டேப்லெட்டும் இருந்தன. போனில் அவள் எதை மாற்றினாலும் மற்ற இரண்டும் அதையே செய்தாக வேண்டும். டேப்லெட்டுக்கு அது சலித்துப்போயிருந்தது. நல்லவேளையாக, சேமித்துவைத்த சமையல் குறிப்புகளைப் பார்க்க அதை அடுக்களைக்கு அனுப்பியபோது, சார்ஜ் நிற்கட்டும் என்று வைஃபையை அவள் அணைத்துவிட்டாள்.

ஒருநாள் சார்ஜ் ஏற்ற அதை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் அலுப்போடு பேசியது.

“அவங்க அம்மா ஸ்கூட்டர் பழகின வீடியோ போயிடுச்சு. அம்மாவும் இப்ப இல்லை.”

“நீ ஏன் அழிச்சே?”

“போன்ல இடமில்லைன்னு போன மாசம் அவங்கதான் அழிச்சாங்க. என்கிட்ட இருக்கும்னு நினைச்சுட்டாங்க. அங்க அழிஞ்சா இங்கயும் அழியும். குப்பைத்தொட்டியும் காலி.”

டேப்லெட் தன்னுள் தேடிப் பார்த்தது. வீடியோ இருந்தது.

மறுநாள் பூங்கோதையும் டேப்லெட்டைத் திறந்து தேடினாள். வீடியோவில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஸ்கூட்டரில் தள்ளாடி வந்தாள். “பின்னாடி பிடிச்சுக்கோடி, விட்டுடாதே.”

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முதல்ல இதை போனுக்குக் கொண்டுபோகணும்” என்று வைஃபையைப் போட்டாள்.

டேப்லெட்டுக்குப் பகீரென்றது. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவளைத் தடுத்துப் பார்த்தது. ‘போனில் இல்லாதவை இதிலிருந்தும் நீக்கப்படும். சரியா?’ என்று திரையில் எழுதிக் காத்திருந்தது.

எப்போதும்போல, படிக்காமலே, சரி என்று தொட்டாள்.