உடும்பின் இலை அடுக்கு

காட்டில் யாருக்கு என்ன வேலை ஆக வேண்டுமென்றாலும் அதை ஓர் இலையில் கீறி உடும்பிடம் கொடுக்க வேண்டும். உடும்பு காலால் முத்திரை குத்திவிட்டால் அனுமதி கிடைத்த மாதிரி. பெருச்சாளிகள் வந்து வேலையை முடித்துத் தரும். அப்படித்தான் சொன்னார்கள்.

வெள்ளெலி தன் வளைக்கு இரண்டாவது வாசல் கேட்டிருந்தது. இருப்பது ஒரே வாசல். மழைத்தண்ணீர் புகுந்தால் ஐந்து குட்டிகளும் உள்ளேயே மூழ்கிவிடும். முத்திரை விழுந்து மூன்று மாதம் ஆகியும் ஒரு பெருச்சாளியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் உடும்பிடம் இருந்த இலை அடுக்கு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எங்கேயோ இடிக்கிறதே என்று வெள்ளெலிக்குப் பட்டது.

"அண்ணே, போன மாசம் அடுக்கு உங்க தலைக்கு மேல இருந்துச்சு. இப்ப வயித்தளவுதான் இருக்கு. யாருக்கு என்ன செஞ்சு குடுத்தீங்க?"

"விசாரணைக்கு வந்துட்டியா தாயி? நிலுவையைக் குறைக்கத் தனியா ஆளே போட்டிருக்கேன். ராப்பகலா உழைக்குது."

"யாரு?"

"கரையான்."

வெள்ளெலி அடுக்கைத் தூக்கிப் பார்த்தது. அடியில் இலைகள் இருந்த இடத்தில் வெறும் கரையான் மண். அதற்கு மேலே இருந்தது வெள்ளெலியின் இலைதான். ஓரமெல்லாம் அரித்து, முத்திரை மட்டும் பாக்கி.

வெள்ளெலி வீட்டுக்கு ஓடித் தானே தோண்டியது. நகம் பெயர்ந்தது. முதல் தூறல் விழுந்தபோது இரண்டாவது வாசல் திறந்துவிட்டது.

மறுநாள் உடும்பு வந்து அதைச் சுற்றிப் பார்த்தது. ஈர மண்ணில் காலால் ஒரு முத்திரை குத்தியது.

"என்னமோ சந்தேகப்பட்டியே தாயி! பாத்தியா, உன் வேலையும் முடிஞ்சிருச்சு."