வழியாத பால்

சேரப்பணஞ்சேரியில் சூசையம்மாள் வீட்டு கேஸ் அடுப்பின் பளபளப்பில் காலைச் சூரியனே கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்கிறது. அப்படியும் அவள் விடுவதாயில்லை. பித்தளை பர்னரைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, குழந்தைக்குக் காது குத்துகிற பக்குவத்தோடு ஊக்கு முனையால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துகிறாள். இந்த அடுப்பில் ஒரு சொட்டுப் பால் வழிந்ததற்காக மருமகள் பிலோமினாவை அவள் திட்டிய திட்டு அடுத்த ஊர் படப்பை வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது அந்தப் படப்பைக்கே தனிக்குடித்தனம் போய்விட்டாள் பிலோமினா. மீதிச் சாமான் எடுக்க வந்த மகன் யேசுராஜ் வாசற்படியிலேயே நிற்கிறான். ஊக்கு நிற்கிறது.

“புது வூட்டுல பால் காச்சினீங்களாடா?”

“காச்சினோம்மா. பொங்கி ஸ்டவ்வெல்லாம் வழிஞ்சிச்சு.”

“உடனே தொடச்சாளா?”

“எங்க? கைதட்டிக்கினு சிரிச்சா. அவ சிரிச்சு எவ்ளோ நாளாச்சும்மா!”

தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் போகிறான். சூசையம்மாள் பர்னரைத் துடைத்து மாட்டிப் பால் பாத்திரத்தை ஏற்றுகிறாள். ‘வழியட்டும், இன்னிக்கு ஊரே முழுகுற மாதிரி வழியட்டும்’ என்று தீயைக் கூட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நுரை பூரித்து விளிம்புக்கு ஏறுகிறது. பழக்கதோஷம், கை தானாக நீண்டு அடுப்பை அணைத்துவிடுகிறது. நுரை அடங்கி உள்ளே போகிறது.