மாவுச்சாக்கு முகம்

மாவுச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சமையலறை நடுவில் நிற்கும் பையன் யாரென்று எல்டனுக்குத் தெரியவில்லையாம்.

யூனிஸ் நம்பவில்லை.

ஐம்பத்தாறாம் வருடத்து ஹாலோவீன் அது. வேஷம் போட்டு வரும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, யார் பெற்ற பிள்ளை என்று கண்டுபிடித்த பிறகே பண்டம் கொடுப்பது நோவா ஸ்கோஷியாவின் அந்த ஆப்பிள் பள்ளத்தாக்கில் வழக்கம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிள்ளை ஜெயித்ததாகக் கணக்கு. கண்டுபிடிப்பதில் அவள் கணவன் எல்டனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நடையை வைத்தே, இருமலை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவான். சற்று முன் வந்த இரண்டு பேய்களையும் ஒரு கடற்கொள்ளைக்காரனையும் வாசலிலேயே பிடித்துவிட்டான். ஆளுக்கொரு கை மிட்டாய் வாங்கிக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

இவனிடம் மட்டும் தடுமாறினான்.

"காலைப் பாத்தா நம்ம போதகரோட சம்சாரம் மாதிரி இருக்கே. அம்மா, நீங்களா?"

பையன் சாக்குக்குள் குலுங்கினான். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை, சமர்த்து.

எல்டனும் சிரித்தான். சிரித்த கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அக்டோபர் கடைசிக் குளிரில் யாருக்கு வியர்க்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

ஊரில் அவள் முகம் பார்த்திராத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். வெர்னாவின் மகன்.

ஒன்பது வருடத்துக்கு முன், யூனிஸின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இந்த வீட்டோடு தங்கி வேலை பார்த்தவள் வெர்னா. அம்மாவை அடக்கம் செய்த கொஞ்ச நாளில் சொல்லாமல் கொள்ளாமல் ஹாலிஃபாக்ஸுக்குப் போனாள். இந்தக் கோடையில் எட்டு வயதுப் பையனோடு திரும்பி வந்து, ஆப்பிள் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து, ரயில் பாதைக்கு அப்பால் குடியிருக்கிறாள்.

தகப்பன் யாரென்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பேசினார்கள். எல்டன் அவள் வீட்டு வாசலில் ஒரு வண்டி விறகு இறக்கியதைத் தபால்காரர் பெண்டாட்டி பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

யூனிஸ் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக் கட்டிலடியில் தள்ளியிருந்தாள். ஒரு சாட்சி கிடைத்தால் போதும், காலை ரயிலில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தச் சாட்சி கிடைக்கவே கூடாது என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது சாட்சி தானாக நடந்து வந்து அடுப்புக்கு முன்னால் நிற்கிறது.

"போதும், விடுங்க. ஒரு ஆப்பிளக் குடுத்து அனுப்பு," என்றார் அவள் அப்பா, அடுப்போர நாற்காலியிலிருந்து. அவர் சபையில் மூப்பர். பிள்ளைகளின் கூத்து அவருக்கு ஆகாது.

"இருங்கப்பா."

சாக்கில் கண்ணுக்கு மட்டும்தான் ஓட்டை இருந்தது. யூனிஸ் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த டோனட்டைச் சர்க்கரையில் புரட்டி நீட்டினாள்.

"ஆறினா நல்லா இருக்காதுடா. இங்கயே நின்னு தின்னுட்டுப் போ."

பையன் யோசித்தான். வாசனை அவனை விடவில்லை. சாக்கை மூக்கு வரைக்கும் மட்டும் தூக்கினான்.

எல்டனின் முகவாயில் ஆழமாக ஒரு பிளவு உண்டு. அவள் அதைத்தான் தேடினாள். இவனுக்கு உருண்டையான முகவாய். பிளவு கிளவு ஒன்றும் இல்லை.

அவளுக்கு மூச்சு வந்தது.

பையன் ஒரு வாய் கடித்தான். ருசியில் சிரித்தான். மேலுதடு குட்டை. இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது.

சின்ன வயதில் யூனிஸும் வேஷம் போட்டு வீடு வீடாகப் போனவள்தான். ஒரு வருடம்கூட எந்த வீட்டிலும் ஜெயித்ததில்லை. முகமூடியின் ஓட்டை வழியே லேசாகச் சிரித்தால் போதும், மூப்பர் மகள் என்று கத்திவிடுவார்கள். அவளுக்கு அப்படியே அப்பாவின் வாய்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்டன் பையனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற பார்வை. அவன் யாருக்காக விறகு இறக்கினான், யாரைக் காப்பாற்ற இத்தனை நாள் ஊர் வாயில் விழுந்தான் என்று அவளுக்கு விளங்கியது. அவனைச் சந்தேகப்பட்ட வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. மாடியறையில் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த மாதங்களை நினைத்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"எங்களுக்குத் தெரியலடா ராஜா. நீ ஜெயிச்சிட்ட," என்றாள்.

பையன் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு துள்ளினான். நிஜமாகவே ஜெயித்ததாக நினைத்துவிட்டான்.

யூனிஸ் அடுப்போரம் திரும்பினாள்.

"அப்பா, தோத்த வீட்டுல பெரியவங்கதான் கை குடுத்து அனுப்பணும். எழுந்திருங்க."

அவர் எழுந்து நிற்க வெகுநேரம் ஆயிற்று. சர்க்கரை ஒட்டிய அந்தச் சின்னக் கை அதுவரைக்கும் அவர் முன்னால் நீட்டியபடியே இருந்தது.