பாதிப் பீப்பாயில் ஒரு பெயர்

டர்ப்பன்டைனில் நனைத்த துணியால் ஆம்ப்ரோஸ் முதல் எழுத்தைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய பெயர் அது. லாசரஸ்.

அந்தப் பெயரைத் தாங்கி நின்றது, குறுக்கே அறுக்கப்பட்ட பாதிப் பீப்பாய் ஒன்று. அதில் இடுப்பளவு வளர்ந்த நந்தியாவட்டைச் செடி.

மாதா கோயில் வாசலில் அதனருகே வரிசையாக நின்றவை எல்லாம் மண் தொட்டிகள், பீங்கான் தொட்டிகள். திருநாளுக்கு வீட்டுக்கொரு பூந்தொட்டி, தொட்டியின்மேல் அந்த வீட்டில் கடைசியாக இறந்தவரின் பெயர்: இது அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் வழக்கம்.

லாசரஸின் மனைவி உர்சுலா கொண்டுவந்தது மட்டும் கள்ளுப் பீப்பாய்.

சிராங்கூன் சாலைக்குப் பின்புறத்துக் கள்ளுக்கடை பூட்டப்பட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தபோது, கேட்டு வாங்கி, புக்கிட் பாஞ்சாங்கில் தன் அடுக்குமாடி புளோக்கின் அடியில் கொண்டுவந்து இறக்கினாள். பக்கத்து வீட்டு மருதப்பன் ஜூரோங் கப்பல் பட்டறையில் தச்சர். தானே அறுத்துத் தருவதாகச் சொன்னார். ரம்பத்தை மட்டும் கொடுங்கள் என்றாள் அவள்.

இரும்புப் பட்டையை ஒவ்வொரு பலகையோடும் ஆணியடித்து இறுக்காமல் அறுத்தால் பீப்பாய் விரிந்து உதிர்ந்துவிடும் என்று மட்டும் அவர் எச்சரித்தார்.

ஒவ்வொரு பலகையிலும் அடித்தாள். இரண்டு மாலைகள் அறுத்தாள். உள்ளே செய்தித்தாளைக் கொளுத்திப் புளித்த வாடையை விரட்டினாள். நீர் வடிய அடியில் ஐந்து துளைகள் இட்டாள்.

செய்தி பங்கு முழுதும் பரவியது. புருஷனைக் கொன்ற பீப்பாயைத் தன் கையாலேயே அறுத்தவள் என்று பெண்கள் மெச்சினார்கள்.

லாசரஸை அவர்கள் அறிவார்கள். துறைமுகத்தில் வேலை. வேலை விட்டதும் தூக்குவாளியோடு கள்ளுக்கடை வரிசையில் நிற்பார். பன்னிரண்டு ஆண்டுகள், நாள் தவறாமல். சென்ற ஆண்டு பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சரிந்தபோது, போதையில் கிடக்கிறார் என்று தாண்டிப் போனவர்களில் இருவர் இதே பங்கைச் சேர்ந்தவர்கள். பிறகு அவர்களே சொன்னார்கள். சொன்னபோதும் வெட்கப்படவில்லை.

பங்கில் யார் இறந்தாலும் பெட்டிக்கு முன்னால் செல்லும் கோயில் சபைக் கொடி, அவருடைய அடக்கத்தன்று செல்லவில்லை. குடிகாரனுக்குக் கொடி கிடையாது என்று தீர்ப்புச் சொன்னவர் சபைச் செயலாளர் ஆம்ப்ரோஸ்.

அதே ஆம்ப்ரோஸ் இன்று பெருந்தன்மையோடு வந்திருந்தார்.

பீப்பாய் நிற்கட்டும் என்றார். வாசலின் நடுவிலேயே நிற்கட்டும். குடியை வென்ற ஒரு பெண்ணின் சாட்சியாக நிற்கட்டும். பூசை முடிந்ததும் அதைப் பற்றி அவரே பத்து நிமிடம் பேசுவார். கடையின் பின்கட்டில், இடப்பக்கம் கிடந்த பெரிய பீப்பாய்தானே இது என்றும் கேட்டார்.

“எந்தப் பக்கம் கிடந்துச்சுன்னுகூட அண்ணனுக்குத் தெரியுது லா,” என்றாள், தொட்டிகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த பிரிஜட்.

சிரிப்பு எழுந்தது. யாரையோ கூட்டிவர ஒரே ஒருமுறை போனதாக ஆம்ப்ரோஸ் விளக்கினார். ஒருவரும் விளக்கம் கேட்டிருக்கவில்லை.

பிறகு அவர் உர்சுலாவின் பக்கம் திரும்பினார்.

“உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். உன் பேரை எழுதிக்க, யாரு வேணாங்கிறா? குடிச்சே செத்தவன் பேரை மாதா காலடியில வைக்கலாமா?”



பத்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்தக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்து வருபவள் அவள். அவளிடம் படித்து அன்று முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகள் வெள்ளை உடையில் படிக்கட்டில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாய்மார்கள். அவள் தலையை ஆட்டினால் போதும். அந்த வாசலில் அவளைவிட மதிப்புள்ள பெண் வேறொருத்தி இருக்கமாட்டாள். அதற்கு விலையாக ஆம்ப்ரோஸ் கேட்டது ஒரு பெயரை; அதுவும் இறந்தவன் பெயரை.

துணி மீண்டும் பலகையைத் தொட்டது.

உர்சுலா ஆம்ப்ரோஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். சபைச் செயலாளரின் கையை ஒரு பெண் பிடித்து நிறுத்தியதை அந்தக் கோயில் அதுவரை கண்டதில்லை. மணியடிக்கப் போனவர்கூட நின்றுவிட்டார்.

படிக்கட்டிலிருந்த தாய்மார்களை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. மதிலோரம் நின்றவர்களுக்கும் கேட்டது.

“அவரு நாக்குல ஒரு சொட்டுக் கள்ளு பட்டதில்லைண்ணே. கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தது மட்டுந்தான் அவரு. குடிச்சவ நான். ஒரு பொம்பளை குடிக்கிறான்னு தெரிஞ்சா என்னை இந்த வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டீங்க. அதனால அந்தக் கெட்ட பேரை அவரு வாங்கிக்கிட்டாரு.”

ஆம்ப்ரோஸின் விரல்களிலிருந்து துணி நழுவியது.

முதல் எழுத்து பாதி கரைந்து, பலகையில் வெள்ளையாக வழிந்திருந்தது. உர்சுலா பிரிஜட்டிடம் பெயின்ட் டப்பாவைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

கரைந்த முதல் எழுத்தைத் தானே மீண்டும் எழுதினாள்.