வீரையனுக்கு வழி

பூதலூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் கேமராவையும் அலாரத்தையும் பார்த்துக்கொள்பவள் மேகலா. நெல் மூட்டை சரிந்து செத்துப்போன லோடுமேன் வீரையனின் கைரேகைக்கு, இன்னமும் மத்தியானத்தில் பின்கேட் திறக்கிறது. உடனே அவள் திரையில் 'அவசரம்' என்று சிவப்பு எழுத்து வரும்.

"அதைக் 'கண்டுக்காதே'ன்னு மாத்தும்மா," என்றார் மேனேஜர் ராஜராஜன்.

மேகலாவுக்குச் சுரீரென்றது. "உயிரோட இருந்தப்பவே அவரை யாரும் கண்டுக்கலை சார். அப்படி மாத்த மாட்டேன்."

'அவசரம்' என்பதை அழித்து 'வீரையன் வர்றார், வழி விடுங்க' என்று அடித்தாள். ஸ்பீக்கரிலும் அதையே சொல்லவைத்தாள்.

மறுநாள் ஸ்பீக்கர் சொன்னது. கேட் திறந்தது. யாருமில்லை. மூட்டை சுமந்து வருபவருக்கு ஒதுங்குவதுபோல் லோடுமேன்கள் இருபக்கமும் ஒதுங்கினார்கள். மேனேஜர் மட்டும் நடுவில் நின்று கத்த வாயெடுத்தவர், தடுமாறிச் சுவரில் போய் மோதினார். அவருடைய வெள்ளைச் சட்டைத் தோளில், சாக்கு உரசிய நெல்தூசி அப்பியிருந்தது.